ஏலேக்கு எத்தனை மார்க்?

குரலைக் கேட்டு மார்க் போடச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்குவதும் ஒரு பிழைப்பு. கணக்கெடுப்புக்கு அலைந்த புண்ணியவான்களுக்கு என் வலி புரியும். ஊருக்கு ஊர் மக்கள் பேச்சை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று சென்னையில் ஒரு மனோதத்துவப் பேராசிரியர் ஆராய்கிறார். நான் போனில் பதிவைப் போடுவேன். பேசுபவருக்கு எவ்வளவு கோபம் என்று ஒன்றிலிருந்து ஏழுக்குள் சொல்ல வேண்டும். விடைகள் ஒழுங்காக வந்தால்தான் அடுத்த வருஷமும் எனக்கு வேலை.

நத்தத்தில் ஒன்று

தோப்பில் மாங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு முதல் பதிவைப் போட்டேன். "ஏலே, எங்கிட்டுப் போய்த் தொலஞ்ச?" என்று ஓர் ஆண்குரல், காது கிழியக் கத்தும். ஏழு எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். அக்கா ஒன்று போதும் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"தேடுனவன்தான் அப்பு தொலஞ்சியான்னு கேப்பான்."

கீரனூரில் ஏழு

பழனியை ஒட்டிய அந்தக் கொங்குப் பக்கத்தில் கன்றுக்குட்டியைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார்களோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். அதே பதிவை ஒரு விவசாயி மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஏழுக்கு மேல் இல்லையா என்றார். இல்லை என்றேன்.

"ஏனுங்க, இந்தாளு மேல இன்னும் கேஸ் குடுக்கலீங்களா?"

பாய் கடையில்

ஒரே குரலுக்கு ஒன்றும் ஏழும் போனதும் பேராசிரியருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "யோவ் முத்து, புளியமரத்தடியில உக்காந்து நீயே ரொப்பிட்டியா?" என்று போனில் சத்தம் போட்டார். அவருக்கு நான் எப்போதும் 'யோவ்'தான். மறுவாரம் நேரிலேயே வந்து இறங்கினார். வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை பாயிடம் கூட்டிப்போனேன். இரண்டாவது பதிவில் ஓர் அண்ணன் தம்பியிடம் பேசுகிறார், அதைச் சொல்லித்தான் போட்டேன்: "நீங்க சொன்னா சரிதாங்க. உங்க இஷ்டப்படியே செய்யுங்க." குரல் உயரவே இல்லை. பேராசிரியர் எதிர்பார்த்த மார்க் ஒன்று. பாய் அண்டாவிலிருந்து கண்ணெடுக்காமல் ஏழு என்றார். "அவர் கத்தவே இல்லையே பாய்?" என்றார் பேராசிரியர்.

"கூடப் பொறந்த தம்பிய 'நீங்க'ங்கிறாரு சார், இனி கத்துறதுக்கு என்ன இருக்கு?"

பஸ் ஸ்டாண்டில்

நான் தாளில் பொய் எழுதவில்லை என்று தெரிந்துவிட்டதில் எனக்கு ஒரே சந்தோஷம். அவரோ இரண்டு டீயை மடமடவென்று குடித்துவிட்டுப் பஸ் ஏறினார். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ரொம்ப நன்றிங்க முத்து சார், நீங்க ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க."

அதற்கு நான் எத்தனை மார்க் போட்டேன் என்று கேட்காதீர்கள், எங்காவது வேலை காலி இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.