புளித்தண்ணீரில் வெந்த செலரியாக்

1. உருளைக்கிழங்குக்குத் தடை

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம், முன்பு தோட்டத்துரை குடியிருந்த பங்களாவை உடல்நல விடுதி ஆக்கியிருக்கிறார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே மூச்சுப்பயிற்சி செய்யக் கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். என் அம்மா அதே தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியபோது எவ்வளவோ மூச்சு வாங்கினார். யாரும் அதைப் பயிற்சி என்று சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சமையல்கலை டிப்ளோமாவும் வைத்திருக்கிறேன். அந்த விடுதிச் சமையலறையில் என் மூன்று மாத ப்ரோபேஷன் முடியும் நாளில், பாஸ் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இன்னைலேர்ந்து பொட்டேட்டோ கெடையாது. கெஸ்டுக்கெல்லாம் கார்ப் ஆகாது. இது செலரியாக். லஞ்சுக்கு மேஷ் பண்ணு. நல்லா வந்துச்சுன்னா ஒன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல இன்னைக்கே சைன்."

"நீங்க சாப்பிட்டிருக்கீங்களா பாஸ்?"

"வீடியோல பாத்தேன் லா."

2. நான் செய்த மொழிபெயர்ப்பு

ஆறு கிழங்குகள். ஒவ்வொன்றும் தேங்காய் அளவு, மேலெல்லாம் முண்டும் முடிச்சும் வேரும். வெட்டினால் உள்ளே வெள்ளை, செலரித் தண்டின் வாசனை. கல்லூரியில் ஒருமுறை செய்திருக்கிறேன். தோலைத் தடிமனாகச் சீவி, பாலும் தண்ணீரும் கலந்து வேகவைத்து, வெண்ணெய் சேர்த்து மசிக்க வேண்டும். உருளைக்கிழங்கைவிட லேசாக, நல்ல ருசியாக இருக்கும்.

உதவிக்கு இருந்த சரசு அக்கா பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, கொரங்கு மண்டைய வாங்கியாந்துருக்காரு?"

"கெழங்குக்கா. நம்ப கருணைக்கெழங்கு மாதிரின்னு வச்சுக்குங்க. சீவி, வெட்டி, வேகப் போடுங்க. நான் மீனைப் பாத்துட்டு வரேன்."

"கருணையா? அப்ப எனக்குத் தெரியும். நீ போ."

கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கும். அரிப்புப் போக நம் வீடுகளில் புளித்தண்ணீரில் வேகவைப்போம். இது எனக்குத் தெரியாததல்ல. டிப்ளோமாவின் கனம் அன்று கொஞ்சம் தலையை அழுத்திவிட்டது.

பதினொன்றரைக்கு வந்து மசித்தேன். மசியவில்லை. துண்டுகள் பழுப்பேறி, வெந்தும் விறைப்பாக நின்றன. புளிப்பில் வெந்த கிழங்கு குழையாது.

"என்னக்கா போட்டீங்க?"

"புளிதான். நாக்கு அரிச்சுச்சுன்னா அந்த ஆளுங்க சும்மா வுடுவாங்களா?"

ஆறு கிழங்கும் பானைக்குள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். தண்ணீரை வடித்து, கடுகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், சோம்பு, அரைத்த மிளகாய் எல்லாம் போட்டுப் பிரட்டினேன். ஒரு துண்டும் உடையவில்லை. ஓரம் முறுகியது.

3. லஞ்ச்

பாஸ் தட்டைப் பார்த்தார். "மேஷ் எங்க?"

"புளி பட்டுருச்சு பாஸ். மசியல."

"யாரு போட்டது? சரசுவா?"

அக்கா கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு நாள் கூலி. நாளை வர வேண்டாம் என்றால் கடிதம்கூடத் தேவையில்லை.

"சொன்னது நான் பாஸ். தப்பா சொல்லிட்டேன்."

அதற்குள் விருந்தினர் அம்மா ஒருவர் காலித் தட்டோடு வந்து நின்றார். "பொட்டேட்டோவ விட நல்லாருக்கே! இதுக்கு என்ன பேரு?"

"எஸ்டேட் மேஷ். எங்க ஸ்பெஷல்," என்றார் பாஸ், கண் இமைக்காமல்.

மாலையில் தீர்ப்பு வந்தது. எஸ்டேட் மேஷ் மெனுவில் நிரந்தரம். எனக்கு ப்ரோபேஷன் இன்னும் ஒரு மாதம்; காரணம், மேற்பார்வை போதவில்லை.

"எம் பேரச் சொல்லிருந்தா லெட்டரு கெடச்சிருக்கும்ல?" என்றார் அக்கா.

"கெடச்சிருக்கும். அப்பறம் நாளைக்கு அந்தக் கொரங்கு மண்டைய யாரு சீவுறது?"

இந்தத் தொழிலுக்கு வரும் தங்கைகளுக்குச் சொல்கிறேன். செலரியாக்கை மசிக்க வேண்டுமா, புளிப்பை அண்டவிடாதீர்கள். பிரட்ட வேண்டுமா, புளித்தண்ணீரிலேயே வேகவையுங்கள். ஆளிடம் வேலை சொல்லும்போது 'மாதிரி' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஒரு மாதம் ப்ரோபேஷனில் இருந்தேன்.