கை நனைக்காத அக்கா

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாரும் இல்லை. ‘செக்கிங்’ என்று சொன்னால்தான் தெரியும். முப்பத்தோரு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளின் கண்ணைப் பார்ப்பார். நிஜமாகத் தூங்குகிறவனின் இமை எப்படி இருக்கும், டிக்கெட் எடுக்காமல் தூங்குகிறவனின் இமை எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கல்யாணமான மூன்றாம் மாதமே, டிக்கெட்டைத் தொலைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்த சொந்த மாமனாரைப் பாதி வழியில் இறக்கிவிட்டவர். அதற்குப் பிறகு மாமனார் மருமகன் வீட்டுக்கு நடந்தேதான் வந்தார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை.

ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. பேருந்து அவரை விட்டுப் போய்விட்டது, சந்தேகம் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தது. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். தபால்காரர் கொடுக்கும் உறையில் பசை புதிதா பழையதா என்று தடவிப் பார்ப்பார். தெருவில் யாராவது காரணமில்லாமல் சிரித்தால் போதும், அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் இதெல்லாம் சில்லறைச் சந்தேகங்கள். பெரிய சந்தேகம் ஒன்று பன்னிரண்டு வருடமாக அவர் நெஞ்சுக்குள் கிடந்தது. அது அவருடைய அக்காவைப் பற்றியது.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கால்கள் வலுவில்லை. ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் போனாள், ஊன்றுகோலோடு வேலைக்கும் போனாள். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் முப்பது வருடம். இப்போது சக்கர நாற்காலி. அம்மா காலமான பிறகு, அம்மாவின் வீட்டைத் தம்பியே வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தை பேசாததுதான் அவரை உறுத்தியது. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

கையெழுத்துப் போட்ட அந்த வருடத்திலிருந்து அக்கா அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை காரில் வருவாள். அவரும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வாசலில் இருக்கும் இரண்டு படிக்கு மேலே நாற்காலியோடு தூக்கி வைப்பார்கள். முன் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். சாப்பிடச் சொன்னால் “பசிக்கலைடா” என்பாள். காப்பி கொடுத்தால் “இப்பதான் குடிச்சேன்” என்பாள். ஒரு மணி நேரம் ஆனதும் கிளம்பிவிடுவாள்.

“இந்த வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு வைராக்கியம். வீடு போன கோபம் உள்ளுக்குள்ள இருக்கு, வெளியில சிரிக்கிறா,” என்று மனைவியிடம் சொல்வார்.

“உங்களுக்கு வேற வேலை இல்லை,” என்பாள் அவள்.

இப்படி இருக்கும்போதுதான், இந்த வருடம் மனைவியின் நடவடிக்கையிலேயே அவருக்குச் சந்தேகம் தட்டியது. முதலில் அறைகளில் கிடந்த மிதியடித் துணிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கேட்டதற்கு, “தடுக்குதுங்க,” என்றாள். பிறகு சமையலறையில் கீழே இருந்த சலவைத்தூளும் பினாயிலும் பரணுக்கு ஏறின. மாத்திரை டப்பா பூட்டுப் போட்ட அலமாரிக்குள் போனது. மேசையின் கூர்மையான மூலைகளில் ரப்பர் முளைத்தது.

“என்ன நடக்குது இங்க?”

“மக அடுத்த மாசம் குழந்தையோட வர்றால்ல? ரெண்டு வயசுப் பிள்ளை, கண்டதையும் எடுத்து வாயில வைக்கும்.”

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது அவள் கண் ஒரு நொடி ஜன்னல் பக்கம் போய் வந்தது. அந்த ஒரு நொடிக்காக அவர் எத்தனை பேரைப் பேருந்திலிருந்து இறக்கியிருக்கிறார்!

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். மனைவி மாடிப்படியில் நின்று போனில் பேசினாள்; அவர் தலையைக் கண்டதும் “சரி, அப்புறம் பேசறேன்” என்று வைத்தாள். தையல் பெட்டியில் இருக்க வேண்டிய அளவு நாடா அவள் தலையணைக்குக் கீழே இருந்தது. ஒரு மத்தியானம் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, தலையணை உறைக்குள் கையை விட்டார். மடித்த தாள் ஒன்று கையில் சிக்கியது.

பிரித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய வீட்டின் வரைபடம்! முன் அறை, படுக்கையறை, பின்கட்டு, குளியலறை எல்லாம் கோடு பிசகாமல் இருந்தன. ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ‘90’ என்று ஒரு எண். குளியலறைச் சுவர் ஓரத்தில் சிவப்பு மையில் வெட்டுக்கோடு. எண்களைப் பார்த்ததுமே அது யார் கை என்று தெரிந்துவிட்டது. ஒன்பதின் வாலை அப்படி வளைத்துப் போட அக்கா ஒருத்தியால்தான் முடியும்.

பரிசோதகரின் கண் அதோடு நிற்கவில்லை. பின்கட்டில் ஒரு மர அலமாரி வரைந்திருந்தது. அதை அவர் எடுத்து எட்டு வருடம் ஆகிறது. ‘பழைய வீட்டை மனசுல வச்சுப் பாகம் போடுறா’ என்று நினைத்தார். சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் அக்கா. அதற்கு இவளும் உடந்தை. பன்னிரண்டு வருடம் பொறுத்திருந்து, கடைசியில் பங்கு பிரிக்கக் கிளம்பிவிட்டாள்!

தாளை மடித்த மடிப்பிலேயே மடித்து வைத்தார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். அதுவரை வழக்கம்போலச் சாப்பிட்டார், வழக்கம்போலப் பேப்பர் படித்தார், ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. அம்மா விட்டுப்போன வீடு. அதைவிட, கூடப் பிறந்தவள். இரண்டில் எது போனால் அதிகம் வலிக்கும் என்று யோசித்துப் பார்த்தார். விடை தெரிந்தது, பிடிக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் கொத்தனார் வந்தார். மனைவி அவரை நேராகக் குளியலறைக்கு அழைத்துப் போனாள். கொத்தனார் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்தார். உளியை எடுத்ததுதான் தாமதம், செக்கிங் பாய்ந்து போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார்.

“கை வைக்காதே! என் பொணத்து மேலதான் இந்தச் சுவரை இடிக்கணும்!”

கொத்தனார் இரண்டடி பின்வாங்கினார். “சார், கதவை அகலப்படுத்தத்தான் சொன்னாங்க…”

“எது? ரெண்டு வயசுக் குழந்தைக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் கதவா? பேத்தி என்ன யானை மேலயா வர்றா?” மனைவி பக்கம் திரும்பினார். “யாருக்குக் காது குத்துற? படம் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும். அக்காவும் நீயும் சேர்ந்து வீட்டை ரெண்டாப் பிரிக்கிறீங்க. அவ என்கிட்டயே கேட்டிருக்கலாமே. கொடுத்திருப்பேனே!”

மனைவி கொத்தனாரிடம், “நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க,” என்றாள். கொத்தனார் போனதும் கணவன் பக்கம் திரும்பினாள்.

“போன வருஷம் நான் முட்டியை உடைச்சுக்கிட்டு வாக்கரோட நடந்தேனே, ஞாபகம் இருக்கா?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அந்த வாக்கர் இந்தக் கதவுல நுழையலை. பக்கவாட்டுல திரும்பி, சுவத்தைப் புடிச்சு, ஒவ்வொரு தடவையும் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு உள்ள போனேன். அதுக்குப் பயந்துக்கிட்டே மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கறதை நிறுத்திட்டேன். ஆறு வாரம். நீங்க தினமும் கத்துவீங்க, ஏன் தண்ணி குடிக்க மாட்டேங்கிறேன்னு.”

“ஆமா, கத்தினேன்.”

“ஒரு நாள் நீங்க அப்படிக் கத்தும்போதுதான் எனக்கு உங்க அக்கா ஞாபகம் வந்தது.”

அவர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

“அண்ணிக்குப் போன் போட்டுக் கேட்டேன், நீங்களும் இப்படித்தானான்னு. முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க. இங்க வர்ற அன்னிக்குக் காலையிலேர்ந்தே வாயில ஒரு சொட்டு வைக்க மாட்டாங்களாம். கார்ல வர்ற நேரம், இங்க ஒரு மணி நேரம், திரும்பிப் போற நேரம், அதுக்கு மேல தாங்காதாம். கையெழுத்துப் போட்ட வருஷம்தாங்க அவங்க ஊன்றுகோலை விட்டு நாற்காலிக்கு மாறினதும். நீங்க ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டீங்க.”

அவர் குளியலறைக் கதவைப் பார்த்தார். கோடு கோடாகச் சுண்ணாம்பு. பின்கட்டு அலமாரி ஏன் வரைபடத்தில் இருந்தது என்று அப்போது உறைத்தது. முன் அறையைத் தாண்டி அவள் பன்னிரண்டு வருடமாக உள்ளேயே வந்ததில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“உங்ககிட்டயா? உடனே போனைப் போட்டு, எத்தனை மணிக்குப் போனே, எங்க போனேன்னு விசாரணை வச்சிருப்பீங்க. ஒரு பொம்பளை இதைத் தம்பிகிட்ட வாய்விட்டுச் சொல்வாளா? வேலை முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்க பண்ணின ஆர்ப்பாட்டத்துல அதுவும் போச்சு.”

முப்பத்தோரு வருடத்தில் அவர் தவறான ஆளை இறக்கிவிட்டது எத்தனை தடவையோ, யாருக்குத் தெரியும். இந்த ஒருத்தியைப் பன்னிரண்டு வருடம் இறக்கியே வைத்திருந்தார். வெட்கமாக இருந்தது. நாக்கு வறண்டது. தண்ணீர் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

கொத்தனார் டீ குடித்துவிட்டு வந்தபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். “ம், இடி,” என்றார். அன்றிலிருந்து கொத்தனாருக்குச் சனி பிடித்தது. அக்கா மேல் இருந்த சந்தேகம் முழுக்க இப்போது வேலையின் மேல் திரும்பியிருந்தது. வாசல் படிகளின் மேல் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்வை ஆறடியில் முடித்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னதும் வரைபடத்தை மூக்குக்கு நேரே நீட்டினார்.

“ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். போட்டிருக்கா பார். யார்கிட்ட விளையாடுறே?”

“ஸ்கூட்டர் நிறுத்த இடம் இருக்காது சார்.”

“ஸ்கூட்டர் தெருவுல நிக்கும்.”

சுவரில் பதித்த கைப்பிடியில் முழு எடையோடு தொங்கிப் பார்த்தார். குளியலறைத் தரையில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலோடு நடந்து பார்த்தார். கதவு உள்பக்கம் திறப்பது போல மாட்டியதைக் கழற்றச் சொன்னார். உள்ளே ஒருத்தர் விழுந்து கிடந்தால் எப்படித் திறப்பது? பக்கத்து வீட்டிலிருந்து சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியைக் கேட்டு வாங்கி, அதில் உட்கார்ந்து வீடு முழுக்கக் காலால் உந்திக்கொண்டு திரிந்தார். வாசற்படி முக்கால் அங்குலம் துருத்திக்கொண்டிருந்த இடத்தில் நாற்காலி முட்டிக் குப்புற விழப் பார்த்தார். “சொன்னேன்ல?” என்று கொத்தனாரைப் பார்த்துக் கத்தினார். உண்மையில் செக்கிங் முன்னால் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பேத்திக்காக முட்டிபோட்டுத் தவழ்ந்தும் பார்த்து, கட்டிலுக்கு அடியில் ஒரு ஓட்டை பிளக் பாயிண்டைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

வேலை முடிந்த மறு வாரம் அக்கா வந்தாள். பழக்கத்தில் நாற்காலியைத் தூக்கக் குனிந்தார்.

“கையை எடுடா. என்னை மூட்டை மாதிரித் தூக்கினது போதும்.”

சாய்வில் தானே சக்கரத்தைத் தள்ளி மேலே வந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது. முன் அறையில் அவர் தண்ணீர் டம்ளரை நீட்டினார். அவள் வாங்கவில்லை. மேசையைக் காட்டி, “அங்க வை,” என்றாள்.

அப்படியானால்? கதவெல்லாம் சாக்குதானா? கோபம் கோபம்தானா? மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் விழித்தாள்.

“முறைக்காதே,” என்றாள் அக்கா. “எத்தனை வீட்டுல எல்லாம் சரியா இருக்கு, தைரியமா வான்னு கூப்பிட்டிருக்காங்க தெரியுமா? போய்ப் பார்த்தா நாற்காலி பாதியில மாட்டிக்கும். முதல்ல நான் பார்க்கணும்.”

சந்தேகம் அந்தக் குடும்பத்தில் அவருக்கு மட்டும் வந்ததில்லை போலிருக்கிறது. அக்கா தானே உருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பாதியில் நின்றாள். “இங்க அம்மாவோட அலமாரி இருக்குமே?”

“எடுத்து எட்டு வருஷமாச்சுக்கா.”

“ஓ,” என்றாள். சுவரில் அலமாரி இருந்த இடத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குள் போனாள். நாற்காலி எங்கும் இடிக்கவில்லை. கதவு சாத்தும் சத்தமும் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டன.

அவர் அங்கேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மனைவி சட்டையைப் பிடித்து முன் அறைக்கு இழுத்து வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். கைப்பிடி திருகாணியை நேற்று இன்னும் ஒரு சுற்று முடுக்கியிருக்கலாமோ என்று தோன்றியது.

கதவு திறந்தது. அக்கா மடியில் கைகளை வைக்காமல், இரண்டையும் முன்னால் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“எல்லாத்தையும் அளந்தே சரி. துண்டை மட்டும் உன் உயரத்துக்கு மாட்டியிருக்கியேடா!”

அவர் ஓடிப் போய்த் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. ஈரக் கையாலேயே அவர் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

“விடு. உன் வீட்டுல கை நனைச்சாச்சு. இப்பப் போய் அந்தத் தண்ணியை எடுத்துட்டு வா.”