கெண்டைக்காலில் ஆரம்பித்த வலி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. ஆலங்காயத்திலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டில்தான் அது நடந்தது. அப்போது எனக்கு முப்பது வயதுகூட முடியவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து தருவது என் வேலை. வீடு வேலூர் சத்துவாச்சாரியில். காலேஜ் நாளிலிருந்தே விடியற்காலையில் எழுந்து ஓடுவேன். மகள் பிறந்த பிறகும் அதை விடவில்லை. பார்க்கிறவர்கள், "உனக்கு இன்னாம்மா, சீக்கே வராது" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்றை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. காலையில் ஓடி முடித்து, குளித்து, கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால் ஆம்பூரில்தான் எழுந்திருப்பேன். அங்கே நாற்காலியில் உட்கார்ந்தால் இருட்டும்வரை அதே இடம்தான். சாப்பாடுகூட ஸ்கிரீன் முன்னால்தான். பாத்ரூம் போய்வர நேரமாகிறது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது மறுபடி பஸ்ஸில் உட்கார்ந்து தூக்கம்.

இடது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. லேசாக வீங்கியும் இருந்தது. ஓடியதில் சதை பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். என் கணவர் தைலம் போட்டு நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டார். கொஞ்ச நாள் ஓடாமல் இரு என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை.

பக்கத்து சீட்டில் வேலை செய்யும் என் தோழிக்கு ஆலங்காயம்தான் ஊர். அவளும் ஓடுகிறவள். சனிக்கிழமை அவள் வீட்டில் தங்கினேன். மறுநாள் பனி விலகுவதற்குள் இரண்டு பேரும் மலை ரோட்டில் ஓட ஆரம்பித்தோம்.

ஏற்றம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. ஏற்றம்தானே என்று நினைத்து நின்றேன். நின்ற பிறகும் அடங்கவில்லை. காற்றை இழுக்கிறேன், பாதியிலேயே நின்றுவிடுகிறது. விலாவில் கத்தி சொருகியது போல ஒரு வலி. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, விரலெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. "எனக்கு ஒரு மாதிரி இருக்குடி" என்று சொன்னதுதான் தெரியும். கண் இருட்டி, ரோட்டு ஓரத்திலேயே விழுந்துவிட்டேன்.

கண் விழித்தபோது தோழி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். டவர் இல்லை. சுற்றிலும் மரங்கள். ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. அவள் அழுவதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. செத்துவிடுவேன் என்று தோன்றியது. மகளுக்கு நாலு வயது. என் முகம் அவளுக்கு ஞாபகம் இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

மலையிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ இறங்கி வந்தது. தோழி நடு ரோட்டில் போய் நின்று கையை ஆட்டினாள். டிரைவர் குதித்து இறங்கி, "இன்னாம்மா ஆச்சு? தூக்கு, தூக்கு" என்று சொல்லி ஒரு பக்கம் பிடித்து என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார். ஒவ்வொரு வளைவிலும், "கண்ணை மூடாதம்மா, பேசிக்கினே இரு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். என்னால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை.

ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ஆம்பூரைத் தாண்டும்போது ஜன்னலில் எங்கள் கம்பெனி கேட் தெரிந்தது. திங்கட்கிழமை என் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்களோ என்ற நினைப்பு வந்து உடம்பெல்லாம் வேர்த்தது.

வேலூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் அம்மா விஷயத்தைச் சொன்னார். கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்து, அது பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைத்திருக்கிறது. இதயத்தின் வலது பக்கம் திணறுகிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேனா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். எதுவும் இல்லை. அப்புறம் என் வேலையைப் பற்றிக் கேட்டார்.

"நான் தினமும் ஓடுறேன் டாக்டர்" என்றேன், மாஸ்க்குக்குள்ளிருந்து.

"ஓடுறது நல்லதுதாம்மா. மிச்ச நேரம் இன்னா பண்றீங்க, அதைச் சொல்லுங்க."

சொன்னேன். காலைத் தேய்த்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. "வீங்கின காலை இனிமே யாரும் அழுத்தித் தேய்க்கக் கூடாது" என்றார். தகவல் தெரிந்து ஓடிவந்து பக்கத்தில் நின்ற என் கணவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "நான்தானே தேய்ச்சேன்... நான்தானே" என்று அவர் முனகியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. தெரியாமல் செய்ததுதானே என்று டாக்டர் அம்மாதான் அவரைத் தேற்றினார்.

ரத்தம் மேலும் உறையாமல் இருக்க மருந்து ஏற்றினார்கள். ஐசியூவில் படுத்திருந்தபோது தூங்கவே பயம். தூங்கினால் மூச்சை யார் இழுப்பது என்று விழித்தே கிடந்தேன். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். ஓடுகிற எனக்கா என்று கேட்டேன். இன்ன காரணத்தால்தான் ரத்தக்கட்டி வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அசையாமல் உட்கார்ந்ததும் தண்ணீர் குடிக்காததும் சேர்ந்திருக்கும் என்றார் டாக்டர் அம்மா. காலையில் ஓடிவிட்டால் நாளெல்லாம் உட்கார்ந்ததற்கு அது சரியாகப் போய்விடாது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

பிழைத்து வந்தேன். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன். டாக்டர் அனுமதித்த பிறகு மெதுவாக நடந்து, இப்போது மறுபடி ஓடுகிறேன். ஆபீசில் நானும் தோழியும் அடிக்கடி எழுந்து நடந்துவிட்டு வருகிறோம். மேனேஜர் முறைப்பார், முறைக்கட்டும். இருந்தாலும் வேலை மும்முரத்தில் நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்துவிட்டு எழும் நாட்களில், எழுந்த அந்த நொடியில் நெஞ்சு திக்கென்கிறது. மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அது எங்கும் தடுக்காமல் அடிவரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் என்னால் அடுத்த அடி எடுத்து வைக்க முடிகிறது.