சுருங்கிப்போன போல்ட்

மழைக்கு ஊறிப்போய் பாத்ரூம் கதவு சாத்த வரவில்லை. அதைச் சீவிவிடத்தான் பாயிடம் இழைப்புளி இரவல் கேட்டேன். டோல்கேட் பக்கம் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் அவர் எனக்கு இருபது வருடச் சினேகம். இழைப்புளிக்கு இரும்பு உடம்பு, பின்னால் மரப்பிடி, பழைய சாமான். கொடுக்கும்போதே சொன்னார்.

"எங்க அத்தாவோடது நைனா. அவரு மவுத்தானதுக்கு அப்புறம் வேற ஆளு தொட்டதில்ல. நாகூர் போய்கினு கீறேன், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன். பத்திரம்."

அதை நான் ஞாயிற்றுக்கிழமையே உடைத்தேன்.

ஸ்டூலில் ஏறி நின்று கதவின் மேல்விளிம்பைச் சீவும்போது இழைப்புளி கை நழுவியது. விழுகிற வழியில் பிடி கக்கூஸ் கோப்பையின் விளிம்பில் மோதி இரண்டாக முறிந்தது. இரும்பு, துணி ஊறவைத்த வாளியில் விழுந்து தப்பித்தது. பிடியில் பாதி கோப்பைக்குள் போய்விட்டது. முழங்கை வரை விட்டுத் துழாவினேன், எட்டவில்லை. அப்பா ஞாபகமாக ஒருவர் வைத்திருந்த பொருள் எங்கே போனது என்று எந்த வாயால் சொல்வேன்?

சரி, பிடிதானே என்று தேற்றிக்கொண்டேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் முப்பது வருடம் மரத்தில் பேட்டர்ன் செய்தவன் நான். உருக்கிய உலோகத்தை ஊற்ற மண்ணில் அச்சு எடுப்பார்கள்; அந்த அச்சுக்கு முதலில் மரத்தில் ஒரு மாதிரி வேண்டும். அதைச் செய்வதுதான் என் வேலை. லாரி சக்கரத்துக்கே மாதிரி செய்தவனுக்கு ஒரு கைப்பிடி எம்மாத்திரம்?

ராயபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் இதே வகை இழைப்புளி இருந்தது. மனைவி ஜாக்கெட் தைக்கும் டேப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். வாங்குகிறவன்போல் நடித்து, பிடியின் அளவுகளை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, ரிட்டயர் ஆனபோது கொண்டுவந்த என் எஃகு ஸ்கேலை வைத்துப் பழைய ஜன்னல் சட்டத் தேக்கில் கோடு போட்டு, அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்தேன். அழகென்றால் அழகு. பிடியை இரும்போடு சேர்த்து இறுக்கும் போல்ட்டை உள்ளே விட்டேன். மேலே நட் மாட்டப் புரி எட்டவில்லை. பிடி முக்கால் நூல், அதாவது இரண்டரை மில்லிமீட்டர், உயரம் அதிகம்.

இரண்டாவது செய்தேன். அதே முக்கால் நூல். மூன்றாவதும் அப்படித்தான், நாலாவதும் அப்படித்தான்.

என் அளவு தப்பாது. அப்படியென்றால் தப்பு போல்ட் மீதுதான். சூடு ஆறினால் இரும்பு சுருங்கும் என்பதை முப்பது வருடம் கண்ணால் பார்த்தவன் நான். நாலு நாளாக மழை, குளிர். சுருங்கியிருக்கிறது. புதன்கிழமை காலை போல்ட்டை அடுப்பில் வைத்தேன்.

"இன்னாயா, தோசைக்கல்லு பக்கத்துல இன்னாத்த வேவ வெச்சிகினு கீற?" என்றாள் மனைவி.

"போல்ட்டு சுருங்கிடுச்சு."

"அது இன்னா காட்டன் சட்டையா?"

நாலு பிடிகளில் ஒன்றை எடுத்துத் தன் டேப்பை வைத்தாள். "சீட்டுல இன்னா எயுதிகீற? நூத்தி இருவது மில்லி. இது நூத்தி இருவத்தி ரெண்டர கீது."

"துணி டேப்பு, இழுத்து இழுத்து நீண்டிருக்கும்" என்றேன்.

"நீண்ட டேப்பு கம்மியால்ல காட்டும்?"

பக்கத்து வீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் வாங்கிவந்து வைத்துப் பார்த்தாள். அதுவும் டேப் பக்கம்தான் சாட்சி சொன்னது. எரிச்சலில் என் எஃகு ஸ்கேலைப் புரட்டித் தேய்த்தேன். தேய்ந்துபோன எழுத்து தெரிந்தது. ஷ்ரிங்க் ஸ்கேல்.

ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வோம். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருக்க, அந்த ஸ்கேலிலேயே ஒவ்வொரு சென்டிமீட்டரையும் நீட்டி அடித்திருப்பார்கள். சாதாரண ஸ்கேல் ஒன்று, இது ஒன்று என்று வேலையில் இரண்டு வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தது அதுதான்.

ரிட்டயர் ஆன இந்த நாலு வருடமாக நான் செய்ததெல்லாம் கண்முன் வந்தது. வாசலில் பாதி மறிக்கும் செருப்பு ஸ்டாண்டு. படம் சரிந்துகொண்டேயிருக்கும் எங்கள் கல்யாண போட்டோ ஃபிரேம். இடத்தில் உட்காராத ஷெல்ஃபுக்காகக் கொத்தனாரை நான் திட்டிய திட்டு. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

ஐந்தாவது பிடியை அவள் டேப்பை வைத்துச் செய்தேன். நட் கச்சிதமாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை பாய் வந்தார். இழைப்புளியைக் கையில் வாங்கியதுமே, "பிடி புச்சா கீதே" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கக்கூஸ் உட்பட. கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "இது காயலான் கடையில வாங்குனது நைனா. இரவல் கேக்குறவங்களுக்குன்னே ஒண்ணு வெச்சிகீறேன். அத்தாதுன்னு சொன்னாத்தான் பத்திரமா வெச்சிப்பாங்க. அத்தாத எவனாவது வெளிய குடுப்பானா?"

ஐந்து நாள் தூங்காமல் கிடந்தது ஒரு காயலான் கடைச் சாமானுக்காக. அதைவிட, இருபது வருடம் பழகியும் அவர் கணக்கில் நான் இரவல் கேட்கிறவன் மட்டும்தான் என்பது வலித்தது. பாய் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. புதுப்பிடியைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை திரும்பி வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால் இன்னொரு இழைப்புளி, விரிசல் விட்ட பிடியைச் சுற்றிக் கறுப்பு டேப்.

"இதான் அத்தாது. இதுக்கும் ஒரு பிடி போட்டுக் குடு."

இரண்டு கையையும் நீட்டினேன். பாய் என்னைத் தாண்டிப் போய் அதை மனைவி கையில் வைத்தார்.

"அளவு மட்டும் நீ எடு தங்கச்சி."

மனைவி அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "யோவ், மொதல்ல போயி அந்தக் கக்கூசு கதவ சாத்திட்டு வா" என்றாள்.

போனேன். அது இன்னும் சாத்த வரவில்லை.