கச்சேரிக் கட்டடத்துக்குக் குறுக்கே நடந்தேன்

மழையில் இடிந்த பழைய சர்க்கார் கச்சேரியை அதே தூண்களும் வளைவுகளுமாகத் திரும்பக் கட்டினார்கள். திறப்பு விழாவுக்குச் சீரியல் பல்பு போட்டு, இரவில் படமெடுக்க ஆள் தேடினார்கள். உத்திரமேரூரில் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் வேலை வாலாஜாபாத்திலிருந்த என் மைத்துனனுக்குப் போனது. எனக்கு இரவுப் படம் வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். தம்பி வருகிறான் என்று என் மனைவி காலையிலிருந்தே வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவன் சொன்னான்: “ஒரு நிமிசம் லென்சைத் தொறந்து வெச்சிக்கினு இருக்கணும். யாரும் குறுக்கால வராம பாத்துக்கோ மாமா.”

லென்சைத் திறந்துவிட்டு அவன் குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்த நேரத்தில், நானே கட்டடத்துக்கு முன்னால் குறுக்கே நடந்தேன். அவ்வளவு வயிற்றெரிச்சல்.

மறுவாரம் படத்தைக் கொண்டுவந்தான். கட்டடம் முழுசாக ஜொலித்தது. நான் எங்குமே இல்லை. வெகுநேரம் உற்றுப் பார்த்தேன்.

“இன்னா மாமா தேடுற? நடந்து போறவங்க இதுல பதிய மாட்டாங்க,” என்றான் மெதுவாக.

அப்படியானால் என்னைப் பார்த்திருக்கிறான். உள்ளே போய் அக்காவிடம், “மாமா காவலுக்கு நின்னாரு, அதான் நல்லா வந்துகீது” என்றான். அந்தப் பெரிய மனசுக்காகவும் அவன்மேல் பொறாமைப்பட்டேன்.