பிடுங்கியக்காவின் கறுப்புப் பைகள்

மரக்கன்று வாங்க யார் வந்தாலும் சரி, கையில் கொடுப்பதற்கு முன் அக்கா பையைக் கிழித்துவிடுவார். பிளேடு கிடையாது. கட்டைவிரல் நகத்தால் கறுப்பு பிளாஸ்டிக்கை மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. வேர்மண்ணை ஈரச் சாக்கில் சுற்றி நீட்டுவார். கிழிந்த பையை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். சாயங்காலத்துக்குள் இடுப்பு புடைத்துவிடும்.

"வண்டியெல்லாம் மண்ணாகுதும்மா" என்று யாராவது முனகினால், "ஆகட்டும். வீட்டுக்குப் போனா பையக் கிழிக்க மறந்துடுவீங்க" என்பார்.

ஆற்றங்கரையில் அவருடைய நாற்றுப்பண்ணை. எதிர்மாடியில் நான் குடியிருக்கிறேன். அவரிடம் பேசக் கூச்சப்பட்டு ஒரு மழைக்காலம் முழுக்க ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தெருவில் அவருக்குப் பிடுங்கியக்கா என்று பெயர். கரையில் யார் நட்ட செடியானாலும் இரண்டு கையாலும் பற்றி, காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்துப் பார்ப்பார். வந்துவிட்டால் மறுபடி ஆழமாக நடுவார். வராவிட்டால் தூரில் மண்ணைத் தட்டிவிட்டு நகர்வார்.

பண்ணையில் பூச்செடி கிடையாது. நீர்மருது, ஆற்றுவஞ்சி, புங்கை, நொச்சி, தூர் தூராக நாணல். வெள்ளத்தில் நின்று பழகிய, பார்க்க ஒன்றுமில்லாத பச்சை. வாசலில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் அவருடைய நாத்தனாருக்கு இதில் தீராத குறை. "அண்ணி விக்கிறது செடி இல்ல தம்பி, களை. நம்ம கடைக்கு ஆசையா வர்றது ஆடு மட்டும்தான்."

போன மாதம் ஆற்றோர நடைபாதைக்குச் செடி வைக்கும் ஒப்பந்தக்காரர் வந்தார். படித்துறைச் சரிவு முழுக்கக் கலர் கலராகப் பூக்கவேண்டுமாம்.

"அங்க நாணலும் வஞ்சியும்தான் நிக்கும். பூச்செடி நிக்காது."

"நிக்க வேணாம்மா. திறப்புவிழா வரைக்கும் சிரிச்சா போதும்."

"அப்புறம் தண்ணி வருமே?"

"தண்ணி வந்தா செடியப் பாக்க யாருக்கும்மா நேரம்?"

அக்கா இடுப்பிலிருந்த ஒரு பையை உருவி, மறுபடி மடித்துச் செருகினார். ஒப்பந்தக்காரர் வேறு பண்ணைக்குப் போனார். "கூரை ஒழுகுது, அண்ணியோட பிடிவாதம் மட்டும் ஒழுகவே மாட்டேங்குது" என்றார் நாத்தனார்.

சரிவில் பூக்கள் வந்தன. காலையில் அவற்றுக்கு நடுவே அக்கா நாணலைச் செருகுவார். பகலில் வேலையாட்கள் களையென்று பிடுங்கிப் போடுவார்கள். மறுநாளும் செருகுவார். ஒரு காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு இறங்கிப் போய் நாணல் கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். பக்கத்திலிருந்த பூச்செடியைக் காட்டி, "இழுங்க" என்றார்.

ஒரு கையால் இழுத்தேன்.

"அப்படியா இழுக்கிறது? தண்ணி கழுத்துல நிக்குதுன்னு நெனச்சு இழுங்க."

இரண்டு கையால் இழுத்தேன். விருட்டென்று வந்துவிட்டது. பையோடு. அவசரத்தில் யாரோ பையைக் கிழிக்காமலே குழியில் இறக்கியிருக்கிறார்கள். உள்ளே வேர்கள் பையையே சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தன. ஒரு நுனிகூடக் கரையைத் தொடவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த வரிசை முழுவதையும் பிடுங்கத் தொடங்கினார். ஒவ்வொரு பையாகக் கிழித்தார். நகத்தில் ரத்தம் கண்டது. தனக்கு ஆகாத அதே பூச்செடிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டார். நடுவே நாணல். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், "பிடுங்கியக்காவுக்கு இன்னைக்கு முத்திப்போச்சு" என்று சிரித்தார்கள்.

காரணத்தை நாத்தனார் பிறகுதான் சொன்னார். அன்று அவரிடம் கிண்டல் இல்லை.

சில வருடங்களுக்கு முன் இதே சரிவுக்கு இவர்கள் பண்ணையிலிருந்துதான் பூச்செடி போனது. அன்றும் திறப்புவிழா அவசரம். "பையோட வைங்க, நாளைக்குக் கிழிச்சுக்கலாம்" என்று ஆட்களிடம் சொன்னது அக்கா. அன்று ராத்திரியே தண்ணீர் ஏறியது. படித்துறையில் கட்டியிருந்த படகை அவிழ்க்கப் போன அவர் கணவருக்குக் கால் வழுக்கியது.

"அண்ணன் உடம்பக் கரையில போட்டப்போ கையில செடி இருந்துச்சு தம்பி. விரல விடுவிக்கவே முடியல. அண்ணிதான் ஒவ்வொரு விரலா நிமித்தினாங்க."

வேரைச் சுற்றிப் பை அப்படியே இருந்ததாம்.