கொழுக்கட்டைக்கு அழையாமல் வந்த உலாவி

மகனுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்ததும், அவன் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் சடங்குக்கு நாள் வைத்தோம். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மாமிக்கு, அதாவது இவரின் அம்மாவுக்கு, வர வசதிப்படவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: பேரனின் பல்லை வீடியோவில் பார்க்க வேண்டும். எங்கள் மடிக்கணினியிலோ பிள்ளையின் முகமே மங்கலாகத்தான் தெரியும். அரிசி அளவு பல் எங்கே தெரியப்போகிறது?

இரண்டு நாள் இதையே யோசித்து, கடைசியில் படத்தைத் துலக்கமாக்கும் இலவச மென்பொருள் ஒன்றைத் தரவிறக்கினேன். நிறுவும்போது அது ஒவ்வொன்றாகக் கேட்டது. கூடவே ஒரு புதிய இணைய உலாவியும் தரட்டுமா? ஓம். எப்போதும் அதுவே திறக்கட்டுமா? ஓம். பழைய உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுத்துக்கொள்ளட்டுமா? அதற்கும் ஓம். கோப்பாயில் என்னை வளர்த்த விதம் அப்படி. ஒரு வீட்டுக்குப் போனால் அவர்கள் தரும் தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, மனம் நோகும். மென்பொருளுக்கு மனம் உண்டா என்று நான் யோசிக்கவில்லை. கணிதத்தில் பட்டம் பெற்றவள் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அடுத்த நாள் காலை, நல்ல நேரத்தில், மகனைப் பாயில் இருத்தித் தலையில் வெள்ளைத் துணி போட்டோம். முன்னால் தட்டில் புத்தகம், பேனை, சங்கிலி; எதை முதலில் எடுக்கிறானோ அந்த வழியில் வருவான் என்பது நம்பிக்கை. எதிரே மடிக்கணினியில் மாமி. படம் துலக்கமாகத்தான் இருந்தது. மகன்தான் வாயைப் பூட்டிக்கொண்டான்.

"ராசா, அப்பம்மாவுக்குப் பல்லைக் காட்டுங்கோ," என்றார் மாமி.

அவன் உதட்டை இன்னும் இறுக்கினான்.

"தேப்பனைப் போலத்தான். அவனும் கலியாணப் படத்திலை சிரிக்கேல்லை."

"நீங்கள் பக்கத்திலை நிண்டு சிரி சிரி எண்டால் ஆர் சிரிக்கிறது?" என்றார் இவர்.

நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. அப்போது புதிய உலாவி தானாகத் திறந்து திரையை மூடியது. ஒரு பச்சைக் கிளி இடுப்பை ஆட்டியபடி, எனக்குப் பரிசு விழுந்திருப்பதாகக் கத்தியது. மூடினேன். இரண்டு கிளிகள் வந்தன. அவற்றையும் மூடினேன். நான்கு வந்தன.

மாமியின் குரல் மட்டும் கிளிகளுக்குப் பின்னால் கேட்டது. "பிள்ளை, ஆர் அங்கை கத்துறது? ஆக்கள் வந்திருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை மாமி."

இவர் என்னைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் ஓம் எண்டு அமத்தச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

"அது மரியாதையாத்தானப்பா கேட்டது."

மகன் கிளிகளைக் கண்டான். வாய் மெல்லத் திறந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"தெரியுது, தெரியுது. ரெண்டு பல்லு," என்றார் மாமி. "கொட்டு பிள்ளை, கெதியாக் கொட்டு."

கொட்டினேன். கொழுக்கட்டைகள் நாலாபக்கமும் உருண்டன. அவன் புத்தகத்தையும் பேனையையும் தாண்டிக் கிளிகளிடம் தவழ்ந்தான்.

பின்னேரம் நான் கைப்பேசியில் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். வங்கிக் கணக்கை மூன்று தரம் பார்த்தேன். பக்கத்தில் இவர் அந்த உலாவியை அகற்றிக்கொண்டிருந்தார். போகும்போதும் அது கேட்டது: நிச்சயமாக அகற்றவா?

"மேற்பல்லு வரும் மட்டும் வைச்சிருப்பமோ?" என்றேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே ஓம் என்பதை அழுத்தினார்.